அப்பாவோட முப்பதாம் நாள் பூசை, நினைவு அட்டையில என்ன எழுதுறது?

குடமுருட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் வழக்கமா வண்டி மைலேஜ், டயர் பத்தித்தான் கேப்பேன், இது வேற மாதிரி கேள்வி, தப்பான எடத்துல போட்டிருந்தா மாடரேட்டர் நகத்தி விட்ருங்க.

எங்க அப்பா போன மாசம் 19-ம் தேதி எறந்துட்டாரு. 82 வயசு. திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்க ஊர், காத்து இந்தப் பக்கம் திரும்புனா பூண்டி மாதா கோயில் மைக் சத்தம் எங்க வயலுக்கு லேசா கேக்கும். சொந்த நெலம் ஒம்பது மா, அதாவது மூணு ஏக்கர், அதுக்கு மேல ஆறு மா குத்தகை. வாழ்க்கை பூரா அவ்வளவுதான், கூடவும் இல்ல கொறையவும் இல்ல. அதுலயே அக்காவ டீச்சர் ட்ரெயினிங் படிக்க வச்சாரு, என்னை பாலிடெக்னிக் சேத்தாரு, தம்பி மட்டும் ஊர்லயே இருக்கான், அவன்தான் இப்ப நெலம் பாக்குறான்.

அப்பா போன அன்னைக்கு சம்பா அறுப்பு. பெல்ட் வண்டி, அறுப்பு மெஷின்தான், வயல்ல எறங்கியாச்சு, மணிக்கணக்குக்கு வாடகை ஓடுது. காலைல கோயில் சாமியார் வந்து அவஸ்தை, அதாவது சாகக் கெடக்கறவங்களுக்கு எண்ணெய் பூசுற சடங்கு, குடுத்தாரு, நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசும்போது கைய விரிக்கச் சொன்னா அப்பா விரிக்கல, விரல் மடங்கியே போயிருச்சு, மம்பட்டி புடிச்ச கை இல்லையா, சாமியார்தான் மெதுவா பிரிச்சு பூசுனாரு. செபம் முடிஞ்சதும் அப்பா ஏதோ முனங்குறாருன்னு சாமியார் குனிஞ்சு காத வச்சாரு, நாங்க எல்லாரும் ஏதோ பெருசா சொல்லப்போறாருன்னு நிக்கிறோம், அவர் கேட்டது "ஈரப்பதம் எவ்ளோ காட்டுது?" கொள்முதல் நிலையத்துல 17-க்கு மேல போனா எடுக்க மாட்டான்ல, அந்தக் கவல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூச்சு நின்னுருச்சு. கோயில்ல துக்கமணி அடிச்சதும் வண்டிக்காரர் தானாவே இன்ஜின ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்துட்டாரு, அவர் சேலம் பக்கத்து ஆளு, கிறிஸ்டியன்கூட கெடையாது.

சரி விஷயத்துக்கு வரேன். வர்ற 17-ம் தேதி முப்பதாம் நாள் பூசை. மறுநாளே சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பிச்சிரும், அதனால சாப்பாடெல்லாம் 17-ம் தேதியே முடிச்சிடணும். பூசையில குடுக்க நினைவு அட்டை அடிக்கணும், பின்பக்கம் ஏழெட்டு வரி எழுதலாம். அதோட நன்மை (நற்கருணை) வாங்கி முடிஞ்சதும் மூணு நிமிஷம் பேசுன்னு சாமியார் சொல்லிருக்காரு. ஊர்ல எறந்தவங்க அட்டையெல்லாம் ஒரு டப்பாவுல அம்மா வச்சிருக்காங்க, எடுத்துப் பாத்தேன், எல்லாத்துலயும் "நல்ல விவசாயி, பாசமிகு குடும்பத்தலைவர், பக்திமிக்க கத்தோலிக்கர்"ன்னே இருக்கு. பேர மாத்திட்டா யாருக்கு வேணா பொருந்தும். எங்கப்பா அப்படிப் பெருசா பக்தியா பேசினவரும் இல்ல, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவாரு, பின்னாடி தூணோரம் நிப்பாரு, சாமியார் பிரசங்கம் நீண்டா வெளிய போய் வாய்க்கா பாத்துட்டு வருவாரு.

எனக்கு ஒரே ஒரு ஐடியா இருக்கு. அப்பாகிட்ட யாராவது எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா "நாலு"ம்பாரு. நாங்க மூணு பேர்தான். சின்ன வயசுல நாங்க சண்டை போடுவோம், யாருப்பா நாலாவதுன்னு, சிரிச்சிட்டு வயல் பக்கம் கைய காட்டுவாரு. அத வச்சு "நிலத்தையும் ஒரு பிள்ளையாய் எண்ணியவர்"னு ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறேன். நல்லாருக்கா? எழுதுற பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

கோயில்பிள்ளை பேரன்:

அண்ணே, அப்பாவோட ஆன்மா இளைப்பாறட்டும். எங்க தாத்தா முப்பது வருஷம் கோயில்பிள்ளையா இருந்தவரு, மணி அடிக்கறதுலேர்ந்து தூம்பா (சவப்பெட்டி) தூக்கறவரைக்கும் பாத்தவரு, அதனால இந்த அட்டை சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதல்ல அச்சகத்துக்காரன் தலையில கட்டப்போற டிசைன்ல உஷாரா இருங்க. "மண்ணில்", "விண்ணில்"னு ரெண்டு தேதி, நடுவுல போட்டோ, கீழ ரெண்டு கோதுமைக் கதிர், யோவான் 12:24, கோதுமை மணி மண்ணுல விழுந்து மடியற வசனம். விவசாயி செத்தா கண்ண மூடிட்டு இதத்தான் போடுவான். நம்ம டெல்டாவுல எவன் கோதுமை வெதச்சான்? உங்கப்பா சப்பாத்திய தவிர கோதுமைய வேற எங்கயாவது பாத்திருப்பாரா சொல்லுங்க. வசனம் வேணும்னா போட்டுக்குங்க, படத்தையாவது நெல்லா மாத்தச் சொல்லுங்க.

ரெண்டாவது, பூசைப் பிரசங்கத்துலயே எறந்தவர புகழ்ந்து பேசக்கூடாதுன்னு திருச்சபை சட்டத்துலயே இருக்கு, பிரசங்கம் ஆண்டவரப் பத்தித்தான். குடும்பத்துல ஒருத்தர் நன்மைக்கு அப்புறம் நாலு வார்த்தை பேசலாம். அதனால சாமியார் சொன்ன டைம் சரிதான், மூணு நிமிஷத்த தாண்டிடாதீங்க, பின்னாடி பிரியாணி அண்டா இருக்கு.

அப்புறம் விவசாயிகளுக்குன்னே ஒரு பாதுகாவலர் இருக்காரு, புனித இசிதோர். நம்ம பக்கம் அந்தோணியார், செபஸ்தியார் அளவுக்கு இவர யாரும் கண்டுக்கறது இல்ல. ஸ்பெயின்ல மாட்ரிட் ஊர்க்காரர், 1622-ல பட்டம் குடுத்தாங்க, அன்னைக்கு அதே மேடையில பட்டம் வாங்கினவங்க யாருன்னா நம்ம சவேரியார், இஞ்ஞாசியார், அவிலா தெரேசம்மா, பிலிப்பு நேரி. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு நடுவுல ஒரு உழவன். திருநாள் மே 15. அவர் பூசைக்கு நேரம் ஆக்கிட்டு வேலைக்கு லேட்டா வர்றாருன்னு கூட இருந்தவங்க மொதலாளிகிட்ட போட்டுக் குடுத்தாங்களாம், மொதலாளி வந்து பாத்தா இவர் செபம் பண்ணிட்டு இருக்காரு, சம்மனசுங்க (தேவதூதருங்க) ஏர் ஓட்டிட்டு இருக்காங்க. உங்கப்பா கதை அப்படியே தலைகீழ், பூசை நடுவுல வாய்க்கா பாக்க போனவரு. அதையே சொல்லுங்க, கோயில்ல எல்லாரும் சிரிப்பாங்க, சிரிச்சா நல்லதுதான். இசிதோரோட மனைவி மரியாவையும் அந்த ஊர்ல புனிதராத்தான் கும்புடுறாங்க, அது கூடுதல் தகவல்.

நிலத்தைப் பிள்ளையா எண்ணியவர்ங்கறது... நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு. கோச்சுக்காதீங்க.

டயர்பஞ்சர்:

ஆழ்ந்த இரங்கல் ப்ரோ. நாலு வரிக்கு மேல எவனும் படிக்க மாட்டான், சிம்பிளா போடுங்க. ஈரப்பதம் கேட்டத கட்டாயம் பேசுங்க.

கடைமடை:

தம்பி, இரங்கல். நான் திருத்துறைப்பூண்டி பக்கம். கசப்பா இருந்தாலும் ஒண்ணு சொல்றேன்.

எங்கம்மா நடவு நட்டவங்க. உங்க ஊர் மாதிரி ஊருல, உங்கப்பா மாதிரி ஆளுங்க வயல்ல, ஆனி ஆடி சேத்துல நாள் பூரா குனிஞ்சு. நீங்க மேல சொன்ன இசிதோரும் சொந்த நெலம் வச்ச மிராசு கெடையாது தம்பி, நானும் தேடிப் படிச்சேன், அடுத்தவன் நெலத்துல காலம்பூரா கூலிக்கு உழுதவரு. விவசாயின்னு அட்டை அடிக்கிறது எப்பவும் பட்டா வச்சிருந்தவங்களுக்குத்தான். எங்கம்மா செத்தப்ப அட்டையும் இல்ல, போட்டோவே ரேஷன் கார்டுலேர்ந்து எடுத்துப் பெருசு பண்ணோம். உங்கப்பா நல்லவரா இருந்திருப்பாரு, நான் இல்லன்னு சொல்லல. மூணு நிமிஷம் பேசறீங்கல்ல, அதுல நட்டவங்க அறுத்தவங்களுக்கு அரை நிமிஷம் குடுங்க. உங்க கோயில் கல்லறையிலயும் ரெண்டு பக்கம் இருக்கான்னு நான் கேக்கல, உங்களுக்கே தெரியும்.

குடமுருட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கடைமடை அண்ணே, நீங்க சொன்னது கசப்பு இல்ல, நெசம். எங்க ஊர் கல்லறையிலயும் நடுவுல ஒரு பாதை இருக்கு, இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு. அப்பா அத எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. பாதையப் பத்தி பெருமையா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல.

உங்க பதிவ படிச்சிட்டுத்தான் நடவு ஆளுங்க பேர் எங்கயாவது இருக்கான்னு பரண்ல தேடுனேன். அப்பாவோட கணக்கு நோட்டுங்க ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கு, 1968-லேர்ந்து. நீட்டு நோட்டு, பக்கத்துல எலி கடிச்ச வாசம். அப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சாரு, ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்துட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் மொத வரி மேட்டூர் தண்ணி. "மேட்டூர் தொறப்பு ஜூன் 12, நாளை அந்தோணியார்". அந்தோணியார் திருநாள் 13 இல்லையா, அதனால அவருக்கு அது அந்தோணியார் தண்ணி. லேட்டா தொறந்த வருஷங்கள்ல தேதி மட்டும் இருக்கும், அந்தோணியார் இருக்க மாட்டாரு. 2012-ல குறுவைன்னு எழுதி அடிச்சிட்டு பக்கத்த அப்படியே விட்டுட்டாரு. 2020-ல மறுபடி ஜூன் 12, அந்தோணியார் திரும்ப வந்துட்டாரு, அந்த வரிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு, கை நடுங்கி கோடு கோணல்.

ஐ.ஆர். எட்டு நெல்லு மொத தடவ போட்ட வருஷம் கண்டுமுதல், அதாவது மொத்த வெளச்சல், எழுதிட்டு பக்கத்துல "நம்ப முடியல"ன்னு எழுதிருக்காரு. அவர் சொந்தக் கருத்துன்னு அம்பது வருஷ நோட்டுல எழுதுனது அந்த ரெண்டு வார்த்தைதான்னு நெனைக்கிறேன். அடுத்த பக்கத்துலயே "சோறு ருசி இல்ல, வீட்டுக்கு வேற". 2006-ல கூட்டுறவு கடன் தள்ளுபடி வந்தப்ப, இவர் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அம்மா வளையல அடகு வச்சு கட்டி முடிச்சிருக்காரு. தள்ளுபடி அறிவிச்ச தேதிய மட்டும் எழுதிருக்காரு, வேற ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் படிக்கும்போது வயிறு எரிஞ்சுது.

நடவு ஆளுங்க பேர் இருக்கு அண்ணே. ஒவ்வொருத்தர் பேரும், முழு நாளா அரை நாளா, கூலி நெல்லா காசா, எல்லாம். ஒரு அம்மா பேர் மட்டும் இருபத்தஞ்சு வருஷம் தொடர்ந்து வருது, அவங்க மருமக இப்பவும் ஊர்ல இருக்காங்க. பூசைக்கு நேர்ல போய் கூப்புடப் போறேன், முன் பெஞ்சில உக்கார வைக்கணும்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். தம்பி ஒரு நிமிஷம் யோசிச்சான், அப்புறம் சரின்னான்.

இப்ப ஒரு சந்தேகம், அதுக்குத்தான் மறுபடி வந்தேன். நோட்டுல பூசைக் காசும் உரக்கணக்கோட சேந்தே வருது. யூரியா, டிஏபி, டீசல், நடுவுல "அப்பாரு பூசை", அதாவது எங்க தாத்தாவுக்கு, மாசி மாசம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி. இதெல்லாம் புரியுது. ஆனா வருஷா வருஷம் நவம்பர் நடுவுல "ச. பூசை"ன்னு ஒரு வரி. ஒரு வருஷம்கூட விட்டுப்போகல, 2012-ல சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட வருஷம்கூட இருக்கு. ஆரம்பத்துல ரெண்டு ரூபா, அப்புறம் அஞ்சு, போன வருஷம் இருநூறு. சவேரியார்னு நெனச்சேன், அது டிசம்பர் 3. செபஸ்தியார் ஜனவரி 20. சூசையப்பர் மார்ச். சந்தியாகப்பர் ஜூலை. எதுவும் ஒத்துவரல. யாருக்காவது தெரியுமா?

டயர்பஞ்சர்:

சர்வேசுரன்?

கோயில்பிள்ளை பேரன்:

சர்வேசுரனுக்கு யாரும் காசு குடுத்து பூசை வைக்க மாட்டாங்க ப்ரோ, எல்லாப் பூசையும் அவருக்குத்தான்.

அண்ணே, அந்த வரி எந்த வருஷம் ஆரம்பிக்குதுன்னு பாருங்க. எங்க தாத்தா காலத்துல "சம்மனசு பூசை"ன்னு ஒண்ணு இருந்துச்சு. ஞானஸ்நானம் வாங்கின கைக்குழந்தை எறந்துட்டா கறுப்பு உடுப்பு போட மாட்டாங்க, துக்கமணியும் அடிக்க மாட்டாங்க, வெள்ளை உடுப்பு போட்டு சம்மனசுங்க பூசை வைப்பாங்க. பாவமே செய்யாத குழந்தை, அதுக்கு உத்தரிக்கிற ஸ்தலமே, அதாவது பாவத்துக்குப் பரிகாரம் பண்ற எடமே, கெடையாது, நேரா மோட்சம். நம்ம ஊர்ல எறந்த கைக்குழந்தைய சம்மனசுன்னுதானே சொல்லுவாங்க. நான் தப்பா யோசிக்கிறேனோ என்னமோ.

மாரநேரி மருமகள்:

இந்த த்ரெட்ட மூணு நாளா படிச்சிட்டிருக்கேன், இப்பதான் லாகின் பண்றேன். தம்பி, நீங்க எழுதுனதுல வண்டிக்காரர் இருக்காரு, சாமியார் இருக்காரு, ஐ.ஆர். எட்டு இருக்கு, ஸ்பெயின் நாட்டு புனிதரோட பொண்டாட்டிகூட வந்துட்டாங்க. உங்கம்மா எங்க? அட்டை டப்பா வச்சிருந்தாங்க, வளையல கழட்டிக் குடுத்தாங்க, அவ்ளோதான் வர்றாங்க. குடும்பத்தலைவர்னு அட்டை அடிக்கறதுக்கு முன்னாடி குடும்பம் நடத்துனவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அந்த "ச" யாருன்னும் அவங்களுக்குத் தெரியாம இருக்காது. தனியா இருக்கும்போது கேளுங்க, அக்கா தம்பி எல்லாரையும் வச்சுக்கிட்டு கேக்காதீங்க.

குடமுருட்டிக்காரன்:

ரெண்டு நாள் கழிச்சு வரேன். என்ன எழுதறதுன்னு தெரியல, இருந்தாலும் இங்கதான் ஆரம்பிச்சேன், இங்கயே சொல்லிடறேன்.

அந்த வரி ஆரம்பிச்சது 1977. நேத்து மத்தியானம் அம்மா பின்கட்டுல உக்காந்து கருவாடு ஆய்ஞ்சிட்டிருந்தாங்க. நோட்ட விரிச்சுக் காட்டி "இது என்னம்மா ச. பூசை"ன்னேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எந்த மாசம்னு கேட்டாங்க, நவம்பர்னு சொன்னதும் கருவாட்டுத் தட்ட தள்ளி வச்சுட்டாங்க.

77 நவம்பர்ல நாகப்பட்டினத்துல புயல் கரையக் கடந்துச்சுல்ல, திருச்சியெல்லாம் வெள்ளத்துல முங்குச்சு, பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த மழையில அம்மாவுக்கு வலி எடுத்துருக்கு, நாள் இருக்கு இன்னும். ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு இல்ல, ஊரச் சுத்தி தண்ணி, பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பாத்துருக்காங்க. பொம்பளப் புள்ள. அக்காவுக்கு அடுத்தது, எனக்கு மேல. பொறந்தப்பவே அழுக இல்ல, மூச்சு மட்டும் லேசா. சாமியார கூப்புட ஆள் அனுப்ப முடியாது. அப்பா பித்தளச் சொம்புல தண்ணி எடுத்துட்டு வந்து, ஈரத்தலையோட நின்னு, அவரே புள்ள தலையில மூணு தடவ ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துருக்காரு. மந்திரம் சரியா சொல்றோமான்னு பயந்து அம்மாகிட்ட திரும்பித் திரும்பிக் கேட்டாராம், "சரியாத்தானே சொன்னேன், சரியாத்தானே சொன்னேன்"னு. பேரு மாதா பேரு, வேற எதுவும் தோணலையாம். விடியறதுக்குள்ள போயிருச்சு. கல்லறைக் குழியெல்லாம் தண்ணி நிக்குது, கோயில் சுவத்தோரம் மேட்டுல அப்பாவே தோண்டி வச்சாராம்.

வயல் பக்கம் கை காட்டுவாருன்னு சொன்னேன்ல. எங்க வீட்டுத் திண்ணையிலேர்ந்து பாத்தா வயலும் கோயில் சுவரும் ஒரே பக்கம்.

அம்மா சொன்னாங்க, "எங்கிட்ட அவரு அதப்பத்தி பேசினதே இல்லடா. நானும் பேசல. ஆனா வருஷம் வந்தா அன்னைக்கு மட்டும் காலம்பற குளிச்சிட்டு பூசைக்குப் போவாரு, முன்னாடி போய் முழங்கால் போடுவாரு. நான் பின்னாடி பொம்பளைங்க பக்கம் இருப்பேன். வரும்போது ஒண்ணா நடந்து வருவோம், ஒண்ணும் பேசமாட்டோம்." தூணோரம் நிக்கிற மனுஷன் முன்னாடி போவாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நாங்க அப்பல்லாம் பள்ளிக்கூடம் போயிருப்போம்.

கோயில்பிள்ளை பேரன் தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குழந்தைக்குப் பூசையே தேவையில்லன்னீங்க, அப்ப எதுக்கு 48 வருஷம் காசு குடுத்தாரு? அவருக்குத் தெரியாதா? அப்புறம் ஒரு சாதாரண ஆளு குடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

கோயில்பிள்ளை பேரன்:

அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வச்சிட்டேன்.

செல்லும். உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணா குடுக்கலாம், கிறிஸ்டியனாவே இல்லாத ஒரு நர்ஸம்மா குடுத்தாக்கூட செல்லும், திருச்சபை செய்யறத செய்யணும்ங்கற எண்ணம் இருக்கணும், தண்ணி ஊத்தணும், பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லணும், அவ்ளோதான். அப்புறமா சாமியார்கிட்ட சொல்லி பதிவேட்டுல எழுதணும். உங்க பங்குக் கோயில்ல 1977 ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், அதெல்லாம் தூக்கிப்போட மாட்டாங்க, சாமியார்கிட்ட கேட்டுப் பாருங்க.

பூசை ஏன் வச்சாருன்னா, தேவையில்லன்னு உங்கப்பாவுக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், அந்தக் காலத்து ஞானோபதேசம் மனப்பாடமா படிச்சவங்க அவங்க. எங்க தாத்தாகிட்டயும் இப்படி ஒருத்தர் வருஷா வருஷம் வருவாராம், சாமியாரே "வேணாம்யா, அது மோட்சத்துல இருக்கு"ன்னு சொன்னா, "தெரியும் சாமி, எழுதிக்குங்க"ம்பாராம். என்னால இதுக்கு மேல சொல்ல முடியல.

கடைமடை:

தம்பி, எங்கம்மாவுக்கும் ரெண்டு போச்சு. ஒண்ணுக்குப் பேரே வைக்கல. உங்கப்பாவுக்கு என்னோட கும்பிடு.

மாரநேரி மருமகள்:

அம்மாவ பாத்துக்குங்க. அவங்க பேசட்டும், இவ்ளோ நாள் பேசாதத இப்ப பேசுவாங்க, சும்மா பக்கத்துல உக்காந்து கேளுங்க, உடனே நோட்டுல குறிச்சிக்கணும்னு போன எடுக்காதீங்க.

குடமுருட்டிக்காரன்:

கடைசி அப்டேட். சாமியார் பழைய பீரோவுலேர்ந்து பதிவேட எடுத்துக் காட்டினாரு. வரிசையா ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் கடைசி கட்டத்துல குடுத்த சாமியார் பேர் இருக்கு, ஒரே பேர் பக்கம் பக்கமா. நவம்பர்ல ஒரே ஒரு வரியில அந்தக் கட்டத்துல எங்கப்பா பேர். சாமியார் அத விரலால தொட்டுக் காட்டிட்டு ஒண்ணும் சொல்லல. தம்பி கூட வந்திருந்தான், அவன் ரெண்டு தடவ படிச்சான்.

நிலத்தைப் பிள்ளையா எண்ணியவர்ங்கறத தூக்கிட்டேன், நல்லவேளை அச்சுக்குக் குடுக்கல. அட்டையில ஊர், ஒம்பது மா, 1968-லேர்ந்து கணக்கு எழுதினவர், பக்கத்துல அம்மா பேர், கீழ மக்கள் நால்வர்னு, நாலு பேரோட பேரும். அக்காவுக்கு போன்ல சொன்னேன், அவளுக்கு நாலு வயசு அப்ப, ஏதோ மழை, யாரோ தூக்கி வச்சிருந்தாங்க, அவ்ளோதான் ஞாபகமாம்.

அச்சகத்துக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணினாரு. முதல்ல, நெல்லுக்கதிர் படம் அவர்கிட்ட இல்லியாம், கோதுமைதான் இருக்காம், மஞ்சளாத்தானே இருக்கு யாருக்குத் தெரியப்போவுதுன்னாரு. தம்பி களத்துல கெடந்த கதிர எடுத்து வெள்ளை வேட்டி மேல வச்சு போட்டோ புடிச்சு அனுப்பிட்டான். ரெண்டாவது போன், "சார், போஸ்டர்ல மூணு பேர்னு அடிச்சோம், இதுல நாலு இருக்கு, ஒரு பேர் கூட வந்துருச்சா?"ன்னு. இல்லண்ணே சரியாத்தான் இருக்கு, அப்படியே அடிங்கன்னுட்டேன்.

கடைமடை:

சரி தம்பி. நெல்லு போட்டாச்சா?

குடமுருட்டிக்காரன்:

மூணு வாரம் களத்துல காவல் கெடந்து, பனியில நனைஞ்சு, காயப்போட்டு அள்ளி, நேத்துதான் அண்ணே எடுத்தாங்க. 16.4.